மலைகளை வென்றவர்: பௌஸ்தோ கொப்பியின் வாழ்வும் மறைவும்

களப்பும் கடலும் இருபுறமும் சூழ நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் வாழும் எம்போன்றோர்க்கு மலை என்பது பெரும்பாலும் நூல்களிற் கண்டறிந்த பொருளேயாகும். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் தெருவிலே துவிச்சக்கரவண்டி மிதிப்பவனுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை; எதிர்க்காற்று ஒன்றே அவனுக்குப் பகை. விடியற்பொழுதில் மீன்பெட்டியைப் பின்னே கட்டிக்கொண்டு விரையும் வியாபாரியையும், புத்தகங்களைச் சுமந்து பாடசாலைக்கு வரும் மாணவனையும் எத்தாளையிலே நாள்தோறும் காண்கின்றோம். இவ்வெளிய வண்டியையே துணையாகக் கொண்டு ஒருவர் ஒரு நாட்டின் பேரன்புக்கு உரியவரானார் என்றால், அவர் வரலாறு அறியத்தக்கதன்றோ?

அவர் பெயர் பௌஸ்தோ கொப்பி. நம் மாணவர் பாடம் எழுதும் கொப்பிக்கும் இப்பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இத்தாலி நாட்டின் வடமேற்கே, பியெமொந்தே மாநிலத்தில், காஸ்தெல்லானியா என்னும் சிற்றூரிலே 1919 ஆம் ஆண்டு செப்டெம்பர் 15 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை தொமெனிகோ ஓர் எளிய உழவர். மக்கள் ஐவருள் பௌஸ்தோ நான்காமவர். அவர்க்கு இளையவர் செர்சே.

இறைச்சிக்கடைச் சிறுவன்

உழவர் வீட்டிற் பிறந்தும் உழவுக்கு ஏற்ற உடல் அவர்க்கு வாய்க்கவில்லை. கால்கள் நெடியன, மார்பு பறவையின் மார்புபோல் முன்தள்ளியது, எலும்புகளோ எளிதில் முறியுந் தன்மையன. நிலத்தில் அவர் நடந்து செல்வதைக் கண்டோர் இவரா வீரர் என்று ஐயுற்றனர். பதின்மூன்று வயதளவில் பள்ளியை விட்டு, நோவி லிகுரே என்னும் நகரிலே ஓர் இறைச்சிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். வாடிக்கையாளர் வீடுகளுக்கு இறைச்சியைத் துவிச்சக்கரவண்டியிற் கொண்டுசென்று கொடுப்பதே அவர் தொழில். நம்மூர் மீன் வியாபாரி செய்யும் தொழிலுக்கும் அதற்கும் வேற்றுமை மிகுதியில்லை. மேடும் பள்ளமுமான அத்தெருக்களே அவர்க்கு முதற் பயிற்சிக்களம் ஆயின. கப்பலிற் பணிபுரிந்த சிறிய தந்தையார் ஒருவர் பணம் உதவ, பந்தயத்துக்கு ஏற்ற வண்டி ஒன்றும் அவர் கைக்கு வந்தது.

அந்நகரிலேதான் அவர் வாழ்வை மாற்றிய ஒருவரைக் கண்டார். பியாஜோ கவான்னா என்பார் முன்னாளிற் குத்துச்சண்டை பயின்றவர். பின்னாளிற் கண்பார்வையை முற்றும் இழந்து, விளையாட்டு வீரர்க்கு உடம்பு பிடித்துவிடும் தொழிலால் வாழ்ந்தவர். அவர்க்கு விழிகள் செய்யாத வேலையை விரல்கள் செய்தன. தசையைத் தொட்டும் நாடித்துடிப்பை உணர்ந்தும் ஓர் இளைஞனின் உள்ளுறை ஆற்றலை அளந்துவிடுவார். பிறர் கண்ணுக்கு நோஞ்சானாகத் தோன்றிய கொப்பியிடத்தே, மெல்லத் துடிக்கும் பேரிதயமும் விரிந்த நுரையீரலும் இருத்தலை அவர் கைகள் கண்டன. அன்று தொட்டு உணவு, உறக்கம், பயிற்சி ஆகிய அனைத்திலும் கவான்னாவின் சொல்லே கொப்பிக்குச் சட்டமாயிற்று. கண்ணில்லார் ஒருவர் கண்டெடுத்த மணி இவர் என்பதை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இவ்வரலாற்றின் முடிவிலே அச்செய்தி மீண்டும் நம் நெஞ்சைத் தொடும்.

இருபது வயதில் முடி

தொழில்முறைத் துவிச்சக்கரப் பந்தயம் இரு வகைப்படும். ஒரே நாளில் முடிவது ஒருவகை. மூன்று வாரமளவும் நாள்தோறும் ஊர்விட்டு ஊர் ஓடி, எல்லா நாட்களுக்குமான நேரத்தைக் கூட்டி, மிகக் குறைந்த நேரம் எடுத்தவரை வென்றவராகக் கொள்வது மற்றொரு வகை. இத்தாலியச் சுற்றும் பிரான்சுச் சுற்றும் இரண்டாம் வகையிலே தலைசிறந்தவை. வீரர் அணியணியாகவே ஓடுவர். ஓரணியில் தலைவர் ஒருவரே. ஏனையோர் அவர்க்காகக் காற்றைத் தடுத்து முன்னே ஓடியும், நீர் கொண்டுவந்து கொடுத்தும், வண்டி பழுதுற்றால் தம் வண்டியையே ஈந்தும் பணிபுரிவர்.

1940 ஆம் ஆண்டு இத்தாலியச் சுற்றிலே கொப்பி அத்தகைய பணியாளராகவே புகுந்தார். அவர்தம் தலைவர் ஜீனோ பார்த்தாலி, அக்காலத்து இத்தாலியின் ஒப்பற்ற வீரர். தொடக்க நாட்களுள் ஒன்றிலே குறுக்கே வந்த நாயொன்றினால் பார்த்தாலி வீழ்ந்து காயமுற்றார். தலைவர் பின்தங்கவே, பணியாளர் முன்சென்றார். அப்பெனைன் மலைகளிலே மழைக்கிடையே தனித்தோடி முதலிடத்தைக் கைப்பற்றினார். பின்னர்ப் பார்த்தாலியும் அவர்க்கு உதவினார். ஜூன் 9 ஆம் நாள் மிலான் நகரில் அச்சுற்று முடிவுற்றபோது கொப்பிக்கு வயது இருபதே. அவ்வயதில் அதனை வென்றவர் அவர்க்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆயின் அம்மகிழ்ச்சி ஒருநாட் பொழுதே நீடித்தது. மறுநாள் ஜூன் 10 இல் இத்தாலி உலகப் போரிற் குதித்தது.

போரும் சிறையும்

படையிற் சேர்க்கப்பட்ட பின்னும் ஓரளவு ஓடுதற்கு அவர்க்கு வாய்ப்பிருந்தது. 1942 நவம்பர் 7 ஆம் நாள், குண்டுவீச்சுக்கு இலக்காகியிருந்த மிலான் நகரின் விகோரெல்லி ஓட்டக்களத்திலே, ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டரும் 798 மீட்டரும் ஓடி உலகச் சாதனை நிகழ்த்தினார். முந்திய அளவை விஞ்சியது 31 மீட்டரால் மட்டுமே. எனினும் அதனை விஞ்சுதற்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1956 இல் பிரான்சு நாட்டு ஜாக் அங்கெத்தீலே அதனைக் கடந்தார்.

1943 இல் அவரை வட ஆபிரிக்காவுக்கு அனுப்பினர். ஏப்ரில் மாதத்தில், தூனீசியாவிலே பிரித்தானியப் படையிடம் சிறைப்பட்டார். ஒரு வீரனின் வாழ்விலே இருபத்து மூன்று முதல் இருபத்தைந்து வரையான வயது முற்றிய கதிர்போன்றது. அதனை முள்வேலிக்குள் கழித்தார். 1945 இல் இத்தாலிக்குக் கொண்டுவரப்பட்டு, பிரித்தானிய அதிகாரி ஒருவருக்கு ஏவலாளராக இருந்தபின் விடுதலை பெற்றார்.

1946 மார்ச்சு மாதம் மிலான் – சான் ரெமோ ஓட்டம் நடந்தது. தொடக்கத்திலேயே முன்சென்ற கொப்பி, துர்க்கீனோ மலைச் சுரங்கத்தைக் கடந்தபின் தனியே ஓடினார். அடுத்தவர் வந்து சேர்தற்குப் பதினான்கு நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. போரினால் நொந்து, தோல்வியால் நாணி, வறுமையால் வாடிக் கிடந்த மக்களுக்கு அவ்வெற்றி ஒரு புத்துயிராயிற்று. இடிந்த பாலங்களும் எரிந்த வீடுகளும் நிறைந்த நாட்டின் வழியே ஒரு மெலிந்த மனிதன் தனித்து விரைவதைக் கண்டோர், தாமும் எழுந்து நடத்தல் கூடும் என நம்பினர்.

இருவரால் இரண்டுபட்ட நாடு

போருக்குப் பின் கொப்பி பியாஞ்சி அணியின் தலைவரானார். முன்னாள் தலைவரும் முன்னாட் பணியாளரும் இப்பொழுது எதிரெதிர் நின்றனர். பார்த்தாலி கத்தோலிக்க நெறியிற் பேரூக்கம் உடையவர். பழமையின் உருவம் எனப் போற்றப்பட்டவர். கொப்பியோ பேச்சுக் குறைந்தவர். உணவையும் பயிற்சியையும் புதிய முறையில் வகுத்துக்கொண்டவர். புதுமையை விரும்பினோர் தம்மவராகக் கருதியவர். தேநீர்க்கடை தோறும் வீடு தோறும் இத்தாலியர் இரு கட்சியாயினர். இருவரும் 1948 ஆம் ஆண்டு உலகப் போட்டியிலே ஒருவரையொருவர் வெல்லவிடக் கூடாதென்றே எண்ணி, முந்தாது பிந்தி, ஈற்றிலே போட்டியையே கைவிட்டனர். அதன்பொருட்டு இத்தாலியச் சங்கம் இருவரையும் சிலகாலம் விலக்கி வைத்தது. பெருமையுடையோரிடத்தும் சிறுமை தோன்றும் என்பதற்கு இது சான்று.

1949 ஜூன் 10 ஆம் நாள் கூனெயோவிலிருந்து பினெரோலோவுக்கு நிகழ்ந்த ஓட்டம் கொப்பியின் புகழுச்சி. தூரம் 254 கிலோமீட்டர். அஃதாவது புத்தளத்திலிருந்து கொழும்புக்குச் சென்று மீளும் தொலைவை ஏறக்குறைய ஒக்கும். அதனிடையே ஐந்து மலைக் கணவாய்கள். அவற்றுள் முதலாவதில் அணியைப் பிரிந்த கொப்பி, எஞ்சிய 192 கிலோமீட்டரையும் தன்னந்தனியே கடந்தார். இரண்டாவதாக வந்த பார்த்தாலிக்கும் அவர்க்கும் இடையே இருந்த நேரம் 11 நிமிடம் 52 வினாடி.

அவ்வாண்டே பிரான்சுச் சுற்றிலும் முதன்முறையாகப் புகுந்தார். தொடக்கத்திலே வண்டி முறிந்து, மாற்றுவண்டிக்காகக் காத்து நின்று, மனமுடைந்து ஊர் திரும்பவும் எண்ணினார். முதல்வருக்கும் அவர்க்கும் இடையே அரைமணிக்கு மேற்பட்ட இடைவெளி ஏற்பட்டது. எனினும் மலைகளிலே அதனை மீட்டு, பாரிசு நகரை முதல்வராக அடைந்தார். ஒரே ஆண்டில் இத்தாலியச் சுற்றையும் பிரான்சுச் சுற்றையும் வென்ற முதல் மனிதர் அவரே. 1952 இல் அதே இரட்டை வெற்றியை மறுமுறையும் பெற்றார். இத்தாலியச் சுற்றை அவர் வென்றது மொத்தம் ஐந்து முறை.

1953 இல் இத்தாலியச் சுற்று முதன்முறையாக ஸ்தெல்வியோ கணவாயைக் கடந்தது. அதன் உயரம் 2758 மீட்டர். நம் ஈழத்தின் தலைமுடியாகிய பீதுருதாலகால மலையோ 2524 மீட்டரே. பனிச்சுவர்களுக்கிடையே அவ்வுயரத்தில் முந்தி ஓடி, சுவிசு நாட்டு ஹூகோ கோப்லெத் என்பாரிடமிருந்து அச்சுற்றைக் கொப்பி பறித்தார். அவ்வாண்டே லுகானோ நகரில் உலக முதல்வர் பட்டமும் பெற்றார்.

உடன்பிறந்தாரும் உடன் ஓடினோரும்

தனித்தோடி வென்றவர் எனினும் கொப்பி தனித்து வாழ்ந்தவரல்லர். தம்பி செர்சேயும் துவிச்சக்கர வீரர். ஆற்றலிற் குறைந்தவர், ஆயின் நகைமுகம் உடையவர். அண்ணனின் மனச்சோர்வை நீக்கும் மருந்துபோன்றவர். 1951 ஜூன் மாத இறுதியில் தூரின் நகரில் ஓட்டம் ஒன்றன் முடிவிலே, தெருவில் ஓடிய திராம் வண்டியின் தண்டவாளத்திற் சில்லுச் சிக்கிச் செர்சே வீழ்ந்தார். பெருங்காயம் ஏதும் இல்லையென எண்ணி விடுதிக்குத் தாமே வண்டியேறிச் சென்றார். அன்றே மூளையிற் குருதி கசிந்து உயிர் நீத்தார். சில நாட்களிலே தொடங்கிய பிரான்சுச் சுற்றிற் கொப்பி ஓடினார். ஆயினும் மொம்பெலியே நகருக்குச் செல்லும் வழியிலே உடலும் உள்ளமும் ஒருங்கே தளர்ந்து, அரைமணி நேரத்துக்கு மேல் பின்தங்கினார். துயர் எவ்வளவு எடையுடையது என்பதை அன்று அவர் வண்டி அறிந்திருக்கும்.

அவர்தம் பணியாளருள் சாந்திரீனோ கர்ரேயா என்பவர் நாசியரின் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். 1952 ஆம் ஆண்டுப் பிரான்சுச் சுற்றில் ஒருநாள் அவர் எதிர்பாராது முதலிடம் பெற்று, முதல்வர்க்குரிய மஞ்சட் சட்டையை அணிய நேர்ந்தது. தலைவருக்குரியதைத் தாம் கவர்ந்துவிட்டதாகக் கலங்கி, கண்ணீரோடு கொப்பியிடம் மன்னிப்பு வேண்டினார். கொப்பியோ அவரைத் தேற்றி மகிழ்ந்தார். மறுநாள் மலையேற்றத்திலே அச்சட்டை தலைவரிடம் வந்தது.

குறையும் குற்றமும்

வரலாறு எழுதுவோன் நிறையை மட்டும் எழுதிக் குறையை மறைத்தல் முறையன்று. ஊக்க மருந்துகளைத் தாம் உட்கொண்டதைக் கொப்பி வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அக்காலத்தில் அதனைத் தடுக்கும் விதி இல்லையாயினும், அது நன்றன்று என்பதில் இன்று எவர்க்கும் ஐயமில்லை.

மனைவியும் மகளும் இருக்க, மருத்துவர் ஒருவரின் மனைவியாகிய ஜூலியா ஒக்கீனி என்பாருடன் அவர் வாழத் தலைப்பட்டார். அவ்வம்மையார்க்கும் பிள்ளைகள் இருந்தனர். மணவிலக்குக்கு இடமளியாத சட்டம் அன்று இத்தாலியில் நிலவியது. பிறன்மனை விழைதல் தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. 1954 இல் அவ்வம்மையார் சிலநாள் சிறைவைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு இருவருக்கும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. திருத்தந்தையும் கண்டித்தார். நேற்றுவரை மலர்தூவிய தெருக்களிலே இன்று வசைமொழி எழுந்தது. கைவிடப்பட்ட மனைவி, தாயைப் பிரிந்த பிள்ளைகள் ஆகியோர் துயரை எண்ணுங்கால் அச்செயலைப் போற்ற மனம் வருமாறில்லை. ஒரு பெண்ணைச் சிறையிலடைத்து அறத்தைக் காத்தோம் என்றோரைப் போற்றவும் மனம் வருமாறில்லை.

அதன்பின் வெற்றிகள் அருகின. 1955 இல் இத்தாலியச் சுற்றைப் பதின்மூன்று வினாடிகளால் இழந்தார். எலும்புகள் பலமுறை முறிந்தன. நாற்பதை எட்டியபின்னும் ஓய்வுகொள்ள அவர் மனம் இசையவில்லை. 1960 ஆம் ஆண்டில் ஒரு புதிய அணியில் ஓட ஒப்பந்தம் செய்திருந்தார். அவ்வணியை நடத்தவிருந்தவர், விந்தையாக, பழைய பகைவர் பார்த்தாலியே.

ஓரறை, இரு முடிவு

1959 டிசெம்பரில் ஆபிரிக்காவின் மேல் வோல்ட்டாவுக்கு, அஃதாவது இன்று புர்க்கினா பாசோ என வழங்கும் நாட்டுக்கு, பிரான்சு வீரர் சிலருடன் கொப்பி சென்றார். காட்சி ஓட்டம் ஒன்றிற் கலந்துகொண்டு, வேட்டையாடி மீள்வதே நோக்கம். அங்கே அவரும் நண்பர் ரபாயேல் ஜெமினியானியும் ஓரறையிலே தங்கினர். நுளம்புகள் அவர்களை உறங்கவிடவில்லை.

மலேரியாக் கிருமி உடலிற் புகுந்தவுடன் தன்னை வெளிப்படுத்துவதில்லை. ஈரலிலே ஒளிந்திருந்து, ஏறக்குறைய ஒன்றிரண்டு வாரங்களின் பின் குருதியிற் பரவும். ஆதலின் இருவரும் நலமாகவே வீடு திரும்பினர். ஆண்டிறுதியில் ஏறத்தாழ ஒரே வேளையில் இருவரையும் கடுங்காய்ச்சல் பற்றியது. பிரான்சிலே ஜெமினியானியின் குருதியை ஆராய்ந்து கொடிய மலேரியா என அறிந்து, கொயினா மருந்து கொடுத்தனர். நினைவிழந்து கிடந்தவர் கண்விழித்தார். அவர் குடும்பத்தார் இத்தாலிக்குத் தொலைபேசி வழியே செய்தி அறிவித்தனர் என்பர். ஆயினும் கொப்பியைக் கவனித்த மருத்துவர் நுரையீரல் அழற்சி என்றே கருதினர். குருதியில் மலேரியாவைத் தேடிலர். 1960 ஜனவரி 2 ஆம் நாட் காலை தொர்த்தோனா மருத்துவமனையிலே, தமது நாற்பதாம் வயதில், கொப்பி உயிர் துறந்தார். அதே அறையில் உறங்கி, அதே நோயுற்று, உரிய மருந்தைப் பெற்ற ஜெமினியானியோ 2024 ஆம் ஆண்டு வரை வாழ்ந்து, தொண்ணூற்றொன்பதாம் வயதிற் காலமானார்.

மலேரியா என்னும் சொல்லே இத்தாலிய மொழிச் சொல். தீய காற்று என்பது அதன் பொருள். அந்நோய் நுளம்பினால் மனிதரிடையே பரவுதலை நிறுவியோருள் ஜொவான்னி பத்தீஸ்தா கிராசி என்னும் இத்தாலியரும் ஒருவர். நோய்க்குப் பெயரிட்ட நாடு, நோயின் வழியைக் கண்ட நாடு, போருக்குப் பின் அதனை ஒழித்து வந்த நாடு, ஒழித்த வேகத்திலேயே அதனை மறந்தும் விட்டது. நோயின் மூலத்தை நாடியறிதல் மருத்துவத்தின் அடிப்படை என்பது திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் உணர்த்தும் கருத்து. அன்று நாடவேண்டியது ஒருதுளிக் குருதியை. கேட்கவேண்டியது அண்மையில் எந்நாடு சென்று வந்தீர் என்னும் ஒரு வினாவை. விழியிழந்த கவான்னா விரலாற் கண்ட உடலை விழியுடையோர் காணாது கைவிட்டனர்.

இதனை எழுதுங்கால் எம் நெஞ்சு நம் நாட்டையும் எண்ணுகின்றது. 1934–35 ஆம் ஆண்டுகளிலே இலங்கையிற் பரவிய மலேரியா ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிரைக் கொண்டது. 1963 இல் நோயாளர் தொகை பதினேழாகக் குறைந்தது. வென்றுவிட்டோம் எனக் காவல் தளர்ந்தவுடன் சில ஆண்டுகளில் அஃது இலட்சக்கணக்கானோரை மீண்டும் பற்றியது. வீட்டுச் சுவர்களில் மருந்து விசிற வந்த பணியாளரையும், குளிர்காய்ச்சலால் நடுங்கிப் போர்வைக்குள் சுருண்டு கிடந்த அயலவரையும் எம் வயதினர் மறந்திலர். நெடுங்காலப் போராட்டத்தின்பின் 2016 ஆம் ஆண்டிலே இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அது பெரும் பேறு. ஆனால் இன்று நம் பிள்ளைகளும் இளம் மருத்துவரும் அந்நோயைக் கண்ணாற் காண்பது அரிது. கொப்பியின் காலத்து இத்தாலியின் நிலைக்கு நாமும் வந்துள்ளோம். பிறநாடு சென்று வருவோர் அந்நோயைச் சுமந்து வருதல் இன்றும் நிகழ்கின்றது. ஆதலின் அயல்நாடு சென்று மீண்டோர் காய்ச்சலுற்றால், சென்ற நாட்டின் பெயரை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுதல் கடன். கேட்டறிதல் மருத்துவர் கடன்.

காஸ்தெல்லானியாவின் குன்றிலே பல்லாயிரவர் கூடி அவரை அடக்கம் செய்தனர். இன்று அண்ணனும் தம்பியும் அங்கே அருகருகே துயில்கின்றனர். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 2019 ஆம் ஆண்டில் அவ்வூர் தன் பெயரோடு அவர் பெயரையும் இணைத்துக் காஸ்தெல்லானியா கொப்பி என வழங்கலாயிற்று. இத்தாலியச் சுற்றில் ஒவ்வோராண்டும் ஓடப்படும் மலைகளுள் மிக உயர்ந்த சிகரத்துக்கு 1965 முதல் கொப்பியின் பெயரே சூட்டப்படுகின்றது.

நாளை விடியலிலும் நம் தெருவிலே ஒரு சிறுவன் சுமையேற்றிய வண்டியை எதிர்க்காற்றில் மிதித்துச் செல்வான். மெலிந்தவன் என அவனை எவரும் இகழற்க. அவன் உடலில் என்ன ஆற்றல் உறைகின்றதென்று அறியத் தொட்டுணரும் கை ஒன்று வேண்டும். அவன் காய்ச்சலுற்ற நாளிலே, அயர்ந்து விடாது ஆராயும் கண் ஒன்றும் வேண்டும்.